முன்சீட்டில் உட்கார்ந்தவள் எழுதுவது

ஐயா, இதை ஷெட்டில் நின்றுகொண்டு படிக்காதே. கையிலிருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் சொல்லித்தான் பார்த்தேனே. நான் வாயைத் திறந்தால் நீ சிரிக்கிறாய், நீ சிரித்தால் எனக்குக் கோபம் வருகிறது, கோபம் வந்தால் சொல்ல வந்தது மறந்துபோகிறது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. படித்து முடித்தபின் உங்கள் பழைய வண்டிக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டாலும் எனக்கு வெட்கமில்லை. அங்கே பொழுது விடிந்து பொழுது போனால் கார்புரேட்டர் படம் போட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பேர் வீட்டிலும் ஒரு பெண் இருப்பாள். அவர்களும் படிக்கட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஞாயித்துக்கிழம மொத ஓட்டம், எம்மா. பாபநாசம் மலை ஏறி எறங்குதோம். முன்சீட்டு ஒனக்குத்தான், பட்டுச்சேல கட்டிட்டு ரெடியா இரு. பவித்ராவும் ஒம் பேரக்குட்டியும் பக்கத்துல உக்காருவாவ" என்று நீ சொன்னபோது, நான் "சரிப்பா" என்றுதான் சொன்னேன். அந்தச் சரிப்பாவைத்தான் நீ முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். போனை வைத்துவிட்டுத் தோசைமாவு கரைக்கப் போனேன். உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவில்லாமல் மறுபடி போட்டிருக்கிறேன். மறுநாள் உன் சித்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னக்கா, கடல்லருந்து மாவு அள்ளிட்டு வந்தியா?" என்று கேட்டாள்.

உன் வண்டி எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதே. உடன்குடியில் அந்த மூக்கு லாரியைப் பார்க்க நீ என்னையும் மைதீன் அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போன நாள் அப்படியே நினைவிருக்கிறது. கருப்பட்டி வியாபாரியின் பனங்காட்டுக்குள் அது மண்ணில் அச்சுவரை புதைந்து நின்றது. ஒரு காலத்தில் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன வண்டியாம். முன்னால் நீண்ட மூக்கும் இரண்டு உருண்டை விளக்கும் மட்டும்தான் வண்டி மாதிரி தெரிந்தன. மற்றதெல்லாம் ஆட்டுத்தொழுவம். நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய். உங்கப்பாவோடு சேர்ந்து ஆயுள் முழுக்கப் பழைய வண்டி வாங்கி விற்ற மைதீன் அண்ணாச்சி, மூக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மூக்கு நல்லாத்தான் இருக்குவே. ஒடம்புதான் இல்ல" என்றார். விற்கிறவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் வீட்டம்மாதான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றார். "வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா எங்க ஆடு எங்கன படுக்கும்? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். நீ உடனே, "நல்ல கொட்டாய் போட்டுத் தாரேன் அத்த, அதுக்கப்புறம் வண்டிய எடுக்கேன்" என்றாய். சொன்னபடி மறுவாரம் ஓலைக் கொட்டகை போட்டும் கொடுத்தாய். அந்த அம்மா உனக்கு ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொடுத்தனுப்பினார். வண்டிக்கு முன்னால் ஆட்டைப் பற்றி யோசிக்கிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வண்ணார்பேட்டை ஷெட்டில், அப்பா நின்ற இடத்திலேயே நின்று, நீ அதைப் பிரித்துப் போட்டாய். கோயம்புத்தூரிலிருந்து வாரம் தவறாமல் பஸ்ஸேறி வந்தாய். கடைசி வேலைக்கென்று இப்போது லீவே போட்டுவிட்டாய். துருவைச் சுரண்டினாய், தகரம் வெட்டி வைத்தாய், பட்டி பார்த்தாய், மூக்குக்குப் பச்சை அடித்தாய். ஒவ்வொன்றுக்கும் எனக்குப் படம் வரும். நானும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைகூப்பு போடுவேன். போன வாரம் ஒரு படம் அனுப்பினாய். சிவப்பு அட்டைப்பெட்டிகள், ஓரம் மட்டும் கரையான் அரித்தவை. கூடவே உன் குரல். "எம்மா, பரண்ல என்ன இருந்துச்சு தெரியுமா? பொட்டி பிரிக்காத பிரேக் ஓசு, எண்ணெ போவுத ரப்பர் குழாயி. கம்பெனி சீட்டுகூட கிழியல. நம்ம மூக்கு வண்டிக்கு அப்படியே பொருந்துது. அப்பா எனக்குன்னே வச்சுட்டுப் போயிருக்காரும்மா." கடைசி வார்த்தையில் உன் குரல் உடைந்ததும் எனக்குக் கேட்டது. அன்றைக்குத்தான் நான் கைகூப்பு போடவில்லை. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

இதை உனக்குப் புரியவைக்க வேண்டுமென்றால் முன்சீட்டுக் கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நான் கல்யாணமாகி வந்த புதிது. உங்கப்பா ஒரு பழைய காரைச் சரிசெய்து அம்பாசமுத்திரத்து ரைஸ்மில்காரர் ஒருவருக்கு விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு எதிலும் நம்பிக்கை வராது. கதவைத் திறந்து திறந்து மூடுவாராம், டயரை உதைப்பாராம், போய்விட்டுத் திரும்ப வருவாராம். கடைசியில், "பிரேக்கு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லுதீரே, ஒம்ம பொண்டாட்டிய முன்னால உக்கார வச்சு மலை எறங்குவீரா வே?" என்று கேட்டுவிட்டார். உங்கப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே வீட்டுக்கு வந்து, "ஏட்டி, சேலைய மாத்து. மலைக்குப் போவணும்" என்றார். நான் கோயிலுக்குத்தான் போகிறோம் என்று தேங்காய், பழம், சூடம் எல்லாம் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். பின்சீட்டில் யாரோ ஒரு மீசைக்காரர் என்னை முறைத்துப் பார்த்தபடியே வந்தார். மலை ஏறி இறங்கி வந்ததும் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "வண்டிய எடுத்துக்கிடுதேன்" என்றார். தேங்காய் உடைக்காமலே வீடு வந்து சேர்ந்தது.

அதோடு அது வழக்கமாகிவிட்டது. எந்த வண்டி முடிந்தாலும் நான் முன்சீட்டில் உட்கார்ந்து பாபநாசம் மலை ஏறி இறங்க வேண்டும். அதன்பிறகுதான் விற்பனை. வாங்க வருகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பதற்கு முன்னால், "மதினி உக்காந்தாச்சா?" என்று கேட்பார்கள். மைதீன் அண்ணாச்சி அதையே தொழிலாக்கிவிட்டார். "எங்க தங்கச்சி உக்காந்து எறங்குன வண்டிவே. இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட்டு வேணும் ஒமக்கு?" என்று அவர் சொல்வதை ஷெட் வாசலில் நின்று நானே கேட்டிருக்கிறேன். ராசியான கால் என்றார்கள். தைரியமான பொம்பளை என்றார்கள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, மடியில் கைவைத்து, பொம்மை மாதிரி நான் உட்கார்ந்திருப்பேன். நீயும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தாய்.

என் முகத்தைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். காலை யாரும் பார்க்கவில்லை. வளைவு வரும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். என் பக்கம் பிரேக் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அமுக்குவேன். எதிரே பஸ் வந்தால் இன்னும் அமுக்குவேன். வீடு வந்து இறங்கினால் கெண்டைக்கால் இறுகிப் போயிருக்கும். வெந்நீர் ஊற்றிக்கொள்வேன். "என்ன, அடுப்படில ரொம்ப நேரம் நின்னியா?" என்று உங்கப்பா கேட்பார். ஆமாம் என்பேன். ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். அந்த வண்டிகள்தான் நமக்குச் சோறு போட்டன. இன்னொன்று, நான் பக்கத்தில் இருந்தால் உங்கப்பா ஒழுங்காக ஓட்டுவார். நான் பயப்படுகிறேன் என்று தெரிந்தால் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போவார். தனியாகப் போனால் அந்த மனிதர் எப்படி ஓட்டுவார் என்று எனக்குத் தெரியும். அவரைத் தனியாக அனுப்புவதைவிட என் கெண்டைக்கால் வலிப்பது மேல் என்று இருந்துவிட்டேன். இதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் நீ என்னிடம் பயத்தையே பார்த்ததில்லை. அதனால் பயப்படவும் கற்றுக்கொள்ளவில்லை.

இப்போது நீல வேனுக்கு வருகிறேன். இந்தக் கதையை நீ சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். உன் கல்யாணத்தன்றைக்கு மேடையிலேயே பவித்ராவுக்கு அதைச் சொன்னாய். "சின்ன வயசுல அப்பா ஒரு வேன்ல மலைக்குக் கூட்டிட்டுப் போனாரு. எறங்கும்போது எம்மா என்னைய சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சு ஒளிஞ்சு விளையாடுனா. அப்பா வேணும்னே வண்டிய மலைமேல சாய்ச்சு நிறுத்துனாரு, அப்படி ஒரு கை அவருக்கு. அப்புறம் ரோட்டோரத்துல உக்காந்து கொய்யாப்பழம் தின்னோம்." அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஐயா, அன்றைக்கு நடந்தது ஒளிந்து விளையாட்டு இல்லை.

அந்த வேனை மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றிவர வாங்குவதாக இருந்தார்கள். அது மூக்கு வைத்த பழைய வேன். உன் லாரியைச் செய்த கம்பெனிதான் அதையும் செய்தது, சாமான்கள் இதற்கும் அதற்கும் பொருந்தும். அந்தச் சமயத்தில்தான் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மூடினார்கள். மைதீன் அண்ணாச்சி மோப்பம் பிடித்துப் போய், பிரிக்காத சிவப்புப் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். உங்கப்பா பெட்டியைத் திறந்து ஓஸை மூக்கில் வைத்து முகர்ந்தார். குழந்தையை முகர்கிற மாதிரி முகர்ந்தார். "ஒரிஜினல்ளா இது. இப்ப காசு குடுத்தாலும் கெடைக்காது" என்றார். கடையில் கிடைக்கிற புதுசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதை எடுத்து வேனுக்கு மாட்டினார். எந்தப் பைத்தியக்காரனும் பழைய ரப்பரைப் புதுசு என்று நம்ப மாட்டான். பெட்டி பிரிக்காததால் அது புதுசு என்று நம்புவது உங்கள் கூட்டம் மட்டும்தான்.

மலை ஏறும்போது ஒன்றுமில்லை. நீ என் மடியில் இருந்தாய், குரங்கைப் பார்த்துக் கத்திக்கொண்டு வந்தாய். இறங்கும்போது இரண்டாவது வளைவு தாண்டியதும் உங்கப்பாவின் கால் வேகமாக மேலும் கீழும் போவதைப் பார்த்தேன். பிரேக் மிதி தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. பழைய வண்டிகளில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே பாதைதான் என்று நீயே எனக்கு ஒருநாள் விளக்கினாய் அல்லவா? ஒரு சக்கரத்தில் ஓஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் போச்சு. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அவர் கத்தவில்லை. பைய, மிகவும் பைய, "ஏட்டி, பிள்ளைய காலுக்குக் கீழ எறக்கு" என்றார்.

நான் உன்னை இறக்கி என் இரண்டு காலுக்கும் நடுவில் உட்கார வைத்து, உன் தலைமேல் குனிந்துகொண்டேன். "ஒளிஞ்சு விளையாடுவோமா? நான் சொல்லுத வரைக்கும் தலைய நீட்டக் கூடாது" என்றேன். நீ சிரித்தாய். என் கால் அப்போதும் தரையை அமுக்க வேண்டும் என்று துடித்தது. ஆனால் அங்கே நீ இருந்தாய். அமுக்க இடமில்லை. என் ஆயுளில் அந்தக் காலை அசைக்காமல் வைத்திருந்தது அந்த ஒரு தடவைதான். மேலே உங்கப்பா கியரைக் கீழே கீழே தள்ளினார், எஞ்சின் அலறியது, கைப்பிரேக்கை இழுத்தார், புகைந்த நாற்றம் வந்தது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் மரங்களின் உச்சி. ஆற்றுச் சத்தம் எங்கிருந்தோ கீழேயிருந்து கேட்டது. அவர் மலைப்பக்கம் ரோட்டோர ஓடைக்குள் சக்கரத்தை இறக்கி, வண்டியின் இடுப்பைப் பாறையில் உரசவிட்டார். என் பக்கத்துக் கதவு தகரம் கிழிகிற சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. பிறகு நின்றது. நீ தலையை நீட்டி, "எம்மா, நான் ஜெயிச்சுட்டேனா?" என்று கேட்டாய்.

உன் கையில் கொய்யாப்பழத்தைக் கொடுத்தது நீ அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காக. நீ அதைத் தின்றுகொண்டிருந்தபோது நான் வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கப்பா வண்டிக்கு அடியில் நுழைந்து அந்த ஓஸைக் கழற்றிக்கொண்டு வந்தார். வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது. இரண்டு விரலால் மடக்கினார். காய்ந்த வற்றல் மாதிரி ஒடிந்தது. உள்ளே முழுக்க வெடிப்பு. "ஓடாமலேயே செத்துப்போச்சுளா. பொட்டிக்குள்ள இருந்தே செத்துப்போச்சு" என்றார். பிறகு என் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்து அழுதார். உனக்காக அழுகிறார் என்று நினைத்தேன். "பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குல்லா குடுத்திருப்பேன்" என்றார். நீ ஓடிவந்து பாதிக் கொய்யாவை அவர் வாயில் திணித்தாய். அவர் அழுதுகொண்டே தின்றார்.

மறுநாளே கடையில் கிடைத்த புது ஓஸ்களை நாலு சக்கரத்துக்கும் மாட்டினார். கதவைத் தட்டி எடுத்துப் பெயின்ட் அடித்தார். நான் மறுபடி முன்சீட்டில் உட்கார்ந்து அதே மலையில் இறங்கினேன். அந்த வேன் பல வருஷம் பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கியது. ஷெட்டின் பெயர் கெட்டுவிடும் என்று நடந்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார், மைதீன் அண்ணாச்சியிடம்கூட. மீதிப் பெட்டிகளைக் குப்பையில் போடுங்கள் என்று நான் சண்டை பிடித்தேன். "சவம் கெடக்கட்டும்ளா. மாட்ட மாட்டேன், பாத்துக்கிட்டாவது இருக்கேன்" என்று துணியில் சுற்றிப் பரணில் போட்டார். எப்போதாவது இறக்கி, பெட்டியைப் பிரிக்காமலே முகர்ந்துவிட்டு மறுபடி மேலே வைப்பார். ஐயா, அவர் அதை உனக்காக வைக்கவில்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. அப்பா போனபிறகு உனக்கு அவர் கொடுத்தது என்று ஒன்று கிடைத்திருக்கிறது, அதையும் நான் பிடுங்குகிறேனே என்று இருந்தது.

போனில் நான், "அந்தப் பழைய ரப்பரு வேண்டாம்யா" என்று சொன்னதற்கு நீ, "எம்மா, இப்ப வருததெல்லாம் டூப்ளிகேட்டு. ஒனக்கு அதெல்லாம் தெரியாது" என்றாய். மைதீன் அண்ணாச்சியை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவரிடம், "பொட்டிய நீங்க அமுக்கலாம்னு பாக்கீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாயாம். பாவம், அவருக்கு அது உறுத்திவிட்டது. ஏனென்றால் பெட்டிமேல் அவருக்கு ஒரு கண் இருந்தது உண்மைதான். நேற்று அவர் இங்கே ஆழ்வார்குறிச்சி வீட்டுக்கு வந்தபோது நீல வேன் கதையை முழுக்கச் சொன்னேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கேட்டார். "அந்தப் பொட்டிய தலையில தூக்கிட்டு வந்தவன் நாந்தானே தங்கச்சி" என்றார். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கிறவரை அவர் அங்கேயே நிற்பார்.

நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டால் வண்டி நின்றுவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை மனசில் வைத்துத்தான், "எனக்கு முட்டு வலிக்கி, நான் வரலன்னா என்னய்யா?" என்று உன்னிடம் கேட்டுப் பார்த்தேன். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதுக்கென்ன, பவித்ரா உக்காருவா. இனிமே அவதானே எங்க வீட்டு ராசி" என்றாய். பக்கத்திலிருந்து அவள், "சரி அத்தை, நான் உக்காந்துக்கிடுதேன்" என்றாள். அந்தச் சரியைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அது என் சரிப்பா. பொங்கலுக்கு உங்களோடு கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தபோது நான் பின்னால் குட்டியோடு உட்கார்ந்திருந்தேன். நீ லாரியை முந்தும்போதெல்லாம் அவள் முழங்கால் விறைத்து நீண்டதைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. உன்னிடம் பாட்டு மாற்றவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கால் மட்டும் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. இந்தச் சீட்டை நான் அவளுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆகையால் இப்படிச் செய். என் பேச்சை நம்ப வேண்டாம். வண்டிக்கு அடியில் நுழைந்து நீ மாட்டியதில் ஒன்றைக் கழற்று. உங்கப்பா செய்தமாதிரி இரண்டு விரலால் மடக்கு. ஒடிந்தால் உனக்கே தெரிந்துவிடும். ஒடியாவிட்டாலும் அதை மறுபடி மாட்டாதே, உள்ளே இருப்பது உன் கண்ணுக்குத் தெரியாது. இப்போது செய்து வருகிற ஓஸில் செய்த வருஷத்தை அதன்மேலேயே அடித்திருப்பார்களாம், அதைப் பார்த்து வாங்கு என்று மைதீன் அண்ணாச்சி சொல்கிறார். புது ஓஸைப் பார்த்து உன் குழுவில் யாராவது ஒரிஜினல் இல்லை என்று மூக்கைச் சுளித்தால், அவர்களை வந்து என் பக்கத்தில் உட்காரச் சொல். சிவப்புப் பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள். அப்பா ஞாபகம் வந்தால் எடுத்து முகர்ந்து பார். அவரும் அதைத்தான் செய்தார், அதனால் அதுவும் அவர் கொடுத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிடுவேன். பவித்ராவிடம் பேசிவிட்டேன். அவளும் குட்டியும் பாளையங்கோட்டையில் அவள் அம்மா வீட்டில்தான் இருப்பார்கள். நீ புது ஓஸ் மாட்டியிருந்தாலும் முதல் ஓட்டத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள். ஒருவேளை இதையெல்லாம் படித்துவிட்டும் நீ சிரித்து, அந்தப் பழைய ரப்பரோடுதான் மலை ஏறுவேன் என்று நின்றாலும், நான் ஏறி உட்காருவேன். உங்கப்பாவைத் தனியாக விடாதவள் உன்னையா விடப்போகிறேன்? ஆனால் இந்தத் தடவை பொம்மை மாதிரி உட்கார மாட்டேன். பயமாக இருக்கிறது என்று வழியெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவேன், உனக்குக் கேட்கட்டும்.

இறங்கும்போது இரண்டாவது வளைவில் என் முகத்தைப் பார்க்காதே, அதற்குப் பழக்கமாகிவிட்டது. குனிந்து என் காலைப் பார். நீ ஒளிந்திருந்த இடத்தில்தான் அது அமுக்கிக்கொண்டிருக்கும். அங்கே பிரேக் கிடையாது, ஐயா. உன் காலுக்குக் கீழே மட்டும்தான் இருக்கிறது.

உன் அம்மா